தம்பி வரலைன்னா நீங்க போங்க

கேள்வி: பாலக்காடு கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கோம்க்கா. தம்பிக்கு 22 வயசு, கோயமுத்தூருக்குப் படிக்கப் போன இடத்துல எம்டிஎம்ஏங்கற போதைப் பொடி பழகிட்டான். அம்மா வளையலை அடகு வெச்சு அவன் கடனை அடைச்சாச்சு, இப்ப திரும்பவும் கடன். ஆஸ்பத்திரின்னாலே சண்டைக்கு வர்றான். ரூம்ல போட்டுப் பூட்டிடலாம்ங்கறார் மாமா. என்ன பண்றது?

பதில்: பூட்டாதீங்கம்மா, அதை முதல்ல சொல்லிடறேன். அந்தப் பொடியை நிறுத்தினா சும்மா தூங்கிட்டே இருப்பாங்க, எழுந்தா மனசு அப்படியே விழுந்து போயிருக்கும், எரிச்சல் வரும், சிலருக்கு செத்துடலாம்னு கூட தோணும், அந்த நேரத்துல தனியா பூட்டி வெக்கறது ஆபத்து. சாகற பேச்சு எடுத்தாலோ, யாரோ கொல்ல வர்றாங்கன்னு மிரண்டாலோ அவன் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்காம 108 கூப்பிடுங்க.

இப்ப அவன் வரமாட்டான், சரி. நீங்களும் அம்மாவும் போங்க. வீட்டு ஆளுங்களுக்குன்னே கவுன்சிலிங் உண்டு, அவன் கூட வரணும்னு இல்ல. கேரளா எக்சைஸோட போதை மீட்புத் திட்டம் விமுக்தி, அதோட நம்பர் 14405, இந்தியா முழுக்க 14446, ரெண்டுக்கும் காசு கிடையாது. மலையாளம் தடுமாறுச்சுன்னா தமிழ்லயே பேசுங்க, நம்ம பாலக்காட்டுல தமிழ் புரியாதவங்க ரொம்பக் குறைவு. எப்படிப் பேச்சை எடுக்கறது, எந்த நேரத்துல வாயே திறக்கக்கூடாது எல்லாம் சொல்லித் தருவாங்க. போதை இறங்கி அவனே நொந்து போய் உக்காந்திருக்கிற ஒரு காலைல கேட்டா வர்றதுக்கு வழியிருக்கு, ராத்திரி வாசல்ல வெச்சுக் கேட்டா கட்டாயம் சண்டைதான்.

போலீஸ்ல மாட்டிக்குவான்னு பயந்தே நிறைய குடும்பம் வாய மூடிட்டு இருக்கு. என்டிபிஎஸ்ங்கற 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, உபயோகிச்சதுக்கோ கொஞ்சமா வெச்சிருந்ததுக்கோ கேஸ் ஆனவங்க தானா முன்வந்து அரசு இல்லன்னா அரசு அங்கீகரிச்ச சென்டர்ல சிகிச்சை எடுத்தா அந்தக் கேஸ்ல இருந்து விலக்கு கிடைக்கும், ஆனா சிகிச்சைய முழுசா முடிக்கணும். வித்தவனுக்கு இது கிடையாது.

கடனை இனி அடைக்காதீங்க. சோறு போடுங்க, துணி துவைச்சுக் குடுங்க, பஸ் காசு கேட்டா டிக்கெட்டா எடுத்துக் குடுங்க, கையில பணம் மட்டும் வேண்டாம். கடன்காரன் வாசலுக்கு வந்தா அம்மா உடைஞ்சு போவாங்கன்னு தெரியும், அதனால அந்தப் பேச்சை மாமா பார்த்துக்கட்டும், பூட்டறதை விட அவரால ஆகற உபகாரம் அதுதான்.

அப்புறம், வளர்ப்பு சரியில்லன்னு சொந்தக்காரங்க பேசறதை அம்மா காதுல போட்டுக்க விடாதீங்க. அவங்க ராத்திரி தூங்கறாங்களா, பிரஷர் மாத்திரை ஏதாவது இருந்தா ஒழுங்கா போடறாங்களான்னு பாருங்க. நீங்களும் வேலைய விட்டுடாதீங்கம்மா.