இரண்டு பூனைகளும் ஒரே வீட்டில் ஒத்துப்போக என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் 4 வயதுப் பெட்டைப் பூனை ஒன்று இருக்கிறது. 2 வாரங்களுக்கு முன் 1 வயதுக் கடுவன் பூனை ஒன்றை எடுத்து வந்து, அன்றைக்கே கூடத்தில் விட்டோம். அதுமுதல் பெட்டை சீறிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் அலமாரியின் மேலேயே முடங்கிக் கிடக்கிறது. நேற்று படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டது. ‘தாமாகவே பழகிக்கொள்ளும், விட்டுவிடுங்கள்’ என்கிறார்கள் உறவினர்கள். விட்டுவிடலாமா, ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?

பதில்: இப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல, கொடுத்துவிடுவதைப் பற்றி இப்போதே முடிவெடுக்கவும் தேவையில்லை. முதலில் பெட்டைப் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கையில் சிறுநீர் கழிப்பதைப் பழிவாங்கலாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். ஆனால் மன அழுத்தத்தில் இருக்கும் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவது வழக்கமானதுதான். வலியிருக்கும் பூனை எந்தத் துணையையும் பொறுத்துக்கொள்ளாது. கடுவனுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை இன்னும் ஆகவில்லை என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். அது சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் தவித்தால், நேரம் பார்க்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்தானது.

‘யார் பெரியவர் என்று முடிவாகிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும்’ என்ற எண்ணம் பூனைகளுக்குப் பொருந்துவதில்லை. பூனை தனியாக வேட்டையாடும் விலங்கு. சண்டைக்குப் பின் சமாதானம் செய்துகொள்ளும் வழக்கம் அதற்கு மிகக் குறைவு என்பதால், ஒவ்வொரு மோதலும் அடுத்த மோதலுக்கே வழிவகுக்கிறது. தவிர, பூனை தன் வீட்டை முகர்ந்துதான் அறிகிறது. கதவின் ஓரத்திலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தை உரசி உரசி உங்கள் பெட்டை 4 ஆண்டுகளாகத் தன் வாடையைப் பதித்து வைத்திருந்த வீட்டில், ஒரே நாளில் அந்நிய வாடை பரவிவிட்டது. எனவே அறிமுகத்தை வாடையிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

கடுவனை ஓர் அறையில் தனியாக வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். தண்ணீர், உணவு, மலசலம் கழிக்க மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை உள்ளேயே இருக்கட்டும். ஒரு மெல்லிய பருத்தித் துணியால் அதன் கன்னத்தை இதமாகத் தடவி, அந்தத் துணியைப் பெட்டை நடமாடும் இடத்தில், அதன் சாப்பாட்டுத் தட்டுக்கும் படுக்கைக்கும் தள்ளிப் போட்டுவையுங்கள். பெட்டையின் வாடை பட்ட துணியை அறைக்குள் வையுங்கள். முகர்ந்துவிட்டுப் பெட்டை தன் போக்கில் நகர்ந்துவிட்டால் நல்ல அறிகுறி. துணியைப் பார்த்தே சீறினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பிறகு கதவின் இரு பக்கமும் உணவு வையுங்கள். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிடும் தொலைவில் தொடங்கி, தட்டுகளைச் சிறிது சிறிதாகக் கதவை நோக்கி நகர்த்தலாம்.

அதற்கப்புறமே நேரில் பார்க்க விட வேண்டும், அதுவும் முதலில் வலைத் தடுப்பின் வழியாக, சில நிமிடங்கள் மட்டும். பார்வையை விலக்கிக்கொள்வதும், மெதுவாகக் கண் சிமிட்டுவதும், உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொள்வதும் பயம் குறைவதைக் காட்டுகின்றன. உடம்பு விறைத்து, இமைக்காமல் முறைத்துப் பார்த்தால் சந்திப்பை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு முழுவதற்கும் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது இரண்டில் அதிகம் பயப்படும் பூனைதான்.

சீறலைவிட ஓசையில்லாத மிரட்டலே எனக்குக் கவலை தருகிறது. கடுவன் நடைவழியின் நடுவே சும்மா படுத்திருப்பதுபோல் தெரியும். மறுமுனையில் பெட்டை ஒரு காலைத் தூக்கியபடி நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும். சத்தமே இல்லாததால் வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. மணல் தட்டு அந்த நடைவழிக்கு அப்பால் இருந்தால், பெட்டைக்குப் படுக்கைதான் மிச்சம். ஆகவே 2 பூனைகளுக்கு 3 மணல் தட்டுகள் என்ற கணக்கில், வெவ்வேறு இடங்களில் வையுங்கள். அடுத்தடுத்து வைத்த தட்டுகளைப் பூனை ஒன்றாகவே கருதும். உணவுத் தட்டுகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி வைக்க வேண்டும். அலமாரியின் மேல் பெட்டை ஏறிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் இறங்க இரண்டு வழிகள் இருக்கட்டும்.

சீறுவதற்காகத் திட்டாதீர்கள், ‘கிட்டே வராதே’ என்ற அந்த எச்சரிக்கைதான் பல கடிகளைத் தவிர்க்கிறது. உண்மையாகவே கட்டிப் புரண்டால், கையை நுழைக்காமல் தலையணையையோ அட்டையையோ இடையில் செருகிப் பிரித்துவிடுங்கள். பூனைக் கடி ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கக்கூடியது; உங்களைக் கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு வயதுக் கடுவனுக்கு ஓடவும் பாயவும் ஆசை மிகுதி என்பதால், ஒவ்வொரு சந்திப்புக்கும் முன் கயிற்றில் கட்டிய பொம்மையைக் காட்டி அதை நன்றாகக் களைக்க வையுங்கள்.

இரண்டும் ஒட்டி உறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று கூடத்திலும் மற்றொன்று சன்னலோரத்திலுமாக, ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் இருந்தாலே நான் அதை வெற்றியாகத்தான் கொள்வேன். சில மாதங்கள் முறையாக முயன்ற பிறகும் பெட்டை பதுங்கியே வாழ்ந்தால், கொடுத்துவிடுவது குற்றமல்ல. அப்போது புதிய இடத்துக்குச் சுலபமாகப் பழகக்கூடிய இளம் கடுவனுக்கே வேறு வீடு பாருங்கள். பெட்டையை அதன் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.