புதுக்கடையில் சொன்னதும் வன்னியில் கேட்டதும்: உயர் நீதிமன்றம் பற்றி வாசகர் கேள்வி-பதில்

"வடக்கில காணி எடுக்கிற வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டுட்டுது, இனி எங்கட காணி எங்களுக்குத்தான் எண்டு மகன் சொல்லுறான். பிரதேச செயலகத்துக்கு அலையிறதை விடலாமோ ஐயா?" (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்)

விடாதீங்கோ அம்மா. மகன் சொன்னதில் பாதிதான் சரி.

2025 மார்ச் 28ஆம் திகதி வந்த அந்த வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழானது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் அதற்குள் அகப்பட்டது. முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகப் பிரகடனப்படுத்தலாம் என்றார்கள். உறுதியையும் பெர்மிட்டையும் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடிய சனத்திடம் மூன்று மாதத்தில் ஆவணம் கேட்டால் எங்கே போவது? அந்தக் கேள்வியோடுதான் உயர் நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. ஜூன் கடைசியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. அரசும் வர்த்தமானியை மீளப் பெற்றது.

இடைக்காலத் தடை என்றால், வழக்கு முடியும்வரை நிலைமை இருந்தபடி இருக்கட்டும் என்ற கட்டளை. இந்தக் காணி இன்னாருடையது என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. வர்த்தமானி போனதால் நீங்கள் 2025 மார்ச்சுக்கு முன்பிருந்த இடத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் வளவுக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றால், அது வேறு சட்டத்தின் கீழ் நட்ட கல். இந்தத் தடை அதைத் தொடாது. ஆகவே காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி, பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்தின் பிரதி, பழைய வரிப் பற்றுச்சீட்டு, எது கிடைக்குமோ அதை இப்போதே எடுத்து வையுங்கள். நெருக்கடி இல்லாத நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும்.

"இந்தியச் செய்தியில 'உயர் நீதிமன்றம் தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு' எண்டு வருது. எங்கட உயர் நீதிமன்றத்துக்கு மேலயும் ஒண்டு இருக்கோ?" (வவுனியா, உயர்தர மாணவி)

இல்லை பிள்ளை. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்குரியது, நாட்டின் உச்சியில் இருப்பது உச்ச நீதிமன்றம். எங்கள் வழக்கில் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றமே கடைசிப் படி. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றங்கள். உங்கள் ஊரில் இருப்பது மேல் நீதிமன்றம். உயர் நீதிமன்றம் 1801இல் தொடங்கியது. ஆனாலும் 1970களின் தொடக்கம் வரை, மேன்முறையீடுகளைக் கேட்கும் லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகலாம் என்றிருந்தது.

"பொலிஸ் என்னை அடிச்சு நாலு மாசம். இப்பதான் ஒராள் சொல்லுறார், உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை வழக்குப் போடலாம் எண்டு. போடலாமோ?" (மல்லாவி, 24 வயது இளைஞர்)

தம்பி, இந்தக் கேள்வி எனக்கு வரும் ஒவ்வொரு தடவையும் நாள் கடந்த பிறகே வருகிறது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டச் சொல்லி நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், அழைப்புக் கடிதம், போன திகதி எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் அந்த நாட்களில் தடுப்பில் இருந்தீர்களா, வைத்தியசாலையில் இருந்தீர்களா? வெளியே வர வழியே இல்லாத நாட்களை நீதிமன்றம் கணக்கில் விட்டுக்கொடுத்த வழக்குகள் உண்டு. அப்படி இருந்தால் தாமதிக்காமல் வவுனியா சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு வைத்திய அறிக்கையோடு போங்கள். அப்படி இல்லையென்றாலும் கதவு முழுதாகப் பூட்டவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதற்கு இந்த ஒரு மாதக் கெடு கிடையாது.

இவ்வகை வழக்கை இன்றைக்கும் புதுக்கடையில் மட்டுமே போடலாம் என்பது அநீதி என்றுதான் சொல்வேன். மல்லாவியில் கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்குக் கொழும்பு எவ்வளவு தூரம்! ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசு, இரவுத் தங்கல், போன சம்பளம். வவுனியாவில் இருக்கும் மேல் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"2018இல ஜனாதிபதிக்கு எதிராத் தீர்ப்பு வந்தபோது நீதித்துறை வென்றது எண்டு எழுதினீர்கள். வடக்கு-கிழக்கைப் பிரித்ததும் அதே நீதிமன்றம்தானே?" (கிளிநொச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, கேள்வி நியாயமானது. இரண்டையும் எழுதியவன் என்ற வகையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2018 டிசம்பர் 13ஆம் திகதி, எழுவரடங்கிய ஆயம் ஏகமனதாக, நாலரை ஆண்டு முடியமுன் பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்றது. முதல் மனுதாரர் இரா. சம்பந்தன். அந்தத் தீர்ப்பைப் பாராட்டியதில் எனக்கு இப்போதும் மனமாற்றம் இல்லை.

2006 ஒக்டோபர் 16ஆம் திகதித் தீர்ப்பைப் பற்றி எங்கள் ஆட்கள் அநேகர் கேட்டது ஒரு வரி: "இணைப்பு இனி இல்லை." தீர்ப்பை வாசித்தால் வேறொன்று தெரியும். 1988இல் இணைப்புக்கு முன்நிபந்தனையாகச் சட்டத்தில் இருந்தவற்றை, அவசரகால ஒழுங்குவிதியைக் கொண்டு ஜனாதிபதி மாற்றினார். அது செல்லாது என்பதே நீதிமன்றத்தின் முடிவு. இரண்டு மாகாணங்களை இணைக்கவே முடியாது என்று அது சொல்லவில்லை. பாராளுமன்றம் சட்டம் இயற்றி இணைக்க அரசியலமைப்பில் இன்னும் இடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அப்போது நாங்கள் ஊடகக்காரர் சனத்துக்கு விளங்கப்படுத்தவில்லை. கோபத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அதற்காக அந்தக் காலத்துத் தீர்ப்புகளையெல்லாம் நான் நியாயப்படுத்த வரவில்லை. அதே ஆண்டில் சிங்கராசா வழக்கில், ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிவிட்ட உடன்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிக்கிய கைதிகளுக்கு இருந்த கடைசிப் படியையும் அது எடுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் முடிவு.

2013 செப்டம்பர் 26ஆம் திகதி வந்த காணித் தீர்ப்பு இன்னொன்று. வழக்கு மத்திய மாகாணத்துப் பெருந்தோட்டக் காணி ஒன்றைப் பற்றியது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து ஐந்தாம் நாள் அது வந்தது. அரச காணி மீதான அதிகாரம் மத்தியிடமே என்ற அதன் முடிவு, தோட்டத்தைத் தாண்டி முள்ளியவளைக்கும் முழங்காவிலுக்கும் வந்து நிற்கிறது.

"ராஜபக்ச சகோதரர்கள்தான் பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பு எண்டு தீர்ப்பு வந்ததே, எங்களுக்கு ஏன் நட்டஈடு இல்லை?" (புளியங்குளம்)

2023 நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்பு அது. ஐந்து நீதியரசரில் நால்வர், பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று பிரகடனம் செய்தனர். மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவில்லை. வழக்குச் செலவாக 150,000 ரூபாவே விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் உயிர்த்த ஞாயிறு வழக்கில் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்றதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

"தீர்ப்பு பிழை எண்டு எழுதினால் பிடிச்சு அடைப்பினமோ?" (மன்னார், இளம் செய்தியாளர்)

முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயத்தோடு விமர்சிப்பது அவமதிப்பல்ல. 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அதற்கு இடம்விடுகிறது. நீதியரசர் காசு வாங்கினார், இனத்தைப் பார்த்துத் தீர்த்தார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால் நிலைமை வேறு. தீர்ப்பை முழுதாக வாசியுங்கள், மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்து. ஆங்கிலம் தடங்கலென்றால் ஒரு சட்டத்தரணியோடு இருந்து வாசியுங்கள். தலைப்பில் "தீர்ப்பு", "இடைக்காலக் கட்டளை", "மனு விசாரணைக்கு ஏற்பு" மூன்றையும் பிரித்து எழுதுங்கள். ஒட்டுசுட்டான் அம்மா ஏமாறாமல் இருப்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

"2009 மே மாசம் வட்டுவாகலில என்ர மகனை ஆமியிட்ட ஒப்படைச்சனான். கொழும்பில பெரிய கோட்டில வழக்குப் போட்டா மகனைக் காட்டுவினமோ?" (புதுக்குடியிருப்பு)

அம்மா, காட்டுவார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது ஆட்கொணர்வு மனு; அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை. வவுனியா மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், கெடு கிடையாது. உங்களைப் போல அன்று ஒப்படைத்தவர்கள் அங்கே போட்டிருக்கிறார்கள். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் சாட்சி எடுத்தார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. எங்களிடம் அவர் வரவே இல்லை என்று படைத்தரப்பு சொல்லும்போது, நீதிமன்றத்தின் முன் நிற்பது கண்டவரின் சொல்தான். வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் உறவினருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்கிறது.

ஆகவே அன்று கண்டதை எழுதி வையுங்கள். எந்த நேரம், என்ன நிற பஸ், அதில் யார் யார் ஏறினார்கள், பக்கத்தில் நின்றவர் யார், மகன் என்ன சட்டை போட்டிருந்தார். எழுத முடியாவிட்டால் நீங்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். கீழே திகதி போட்டு ஒப்பமிட்டு, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு மற்றதைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.