ஒட்டகச்சிவிங்கி குனிந்து தண்ணீர் குடிக்கும்போது ஏன் மயங்கி விழுவதில்லை?

பெங்களூரில் பியூசி பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். ரத்த ஓட்டப் பாடம் வந்தால் நான் முதலில் பேசுவது இந்த விலங்கைப் பற்றித்தான். அல்சூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் "மிஸ், அதுக்கு பிபி இருக்குமா?" என்று கேட்டான். இருக்கிறது. நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் கேள்விக்கான விடையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரத்தம் ஒரு மீட்டர் மேலே ஏற ஏறத்தாழ 77 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகும். வளர்ந்த ஆண் ஒட்டகச்சிவிங்கியின் மூளை இதயத்துக்குச் சுமார் 2 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக, கழுத்தைத் தாண்டுவதற்கே 150 போய்விடும். மீதிதான் மூளைக்கு. அந்த மீதி கிட்டத்தட்ட நம் மூளைக்குக் கிடைக்கும் அளவே. இதற்காக அதன் இதயம் மிகப் பெரியதாக இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். எடை 11 கிலோ அளவில் இருப்பது உண்மைதான். ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் மற்ற பாலூட்டிகளின் விகிதமேதான். வித்தியாசம் உடலுக்கு ரத்தத்தைத் தள்ளும் அறையான இடது கீழறையின் சுவரில். சுவர் தடிமன், உள்ளிடம் சிறியது. அதனால்தான் அவ்வளவு அழுத்தத்தோடு தள்ள முடிகிறது.

இனி குனியும் நேரம். முன்னங்கால்களை அகட்டி, அல்லது முழங்காலை மடக்கி, தலையைத் தரைக்குக் கொண்டுவரும். இதயத்துக்கு மேலே இருந்த மூளை ஒரே வீச்சில் அதற்குக் கீழே வந்துவிடுகிறது. மூளையின் அடியில் தமனிகள் நுண்ணிய வலையாகப் பிரிந்திருக்கின்றன. பாய்ந்து வரும் ரத்தத்தின் வேகத்தை அந்த வலை தணிக்க உதவுகிறது. கழுத்துச் சிரைகளில் வால்வுகள் உண்டு. உடலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தலைப்பக்கம் வழிந்துவிடாமல் அவை தடுக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த ஏற்பாடு. தலை தாழ்ந்திருக்கும்போது தலையிலிருந்து வடியும் ரத்தம் அந்தக் கழுத்துச் சிரைகளிலேயே தேங்கி நிற்கும். இதயத்துக்குத் திரும்புவது குறைவதால் அழுத்தம் தானாக இறங்குகிறது. நிமிர்ந்ததும் தேங்கியது மொத்தமாக இதயத்துக்குள் வந்து சேர, அழுத்தம் உடனே ஏறிக்கொள்கிறது. மயக்கத்துக்கு இடமே இல்லை.

எல்லோரும் கழுத்தையே பார்க்கிறார்கள். காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நாள் முழுக்க நிற்கும் விலங்கு, பாதத்தில் விழும் அழுத்தம் இதயத்தில் இருப்பதைவிடவும் அதிகம். நமக்கு அப்படி இருந்தால் கால் வீங்கிவிடும். அதற்கு வீங்காது. காலைச் சுற்றிய தோலும் அதன் அடியிலுள்ள உறையும் அவ்வளவு இறுக்கம், வெரிகோஸ், அதாவது கால் சிரைகள் புடைத்துக்கொள்ளும் தொல்லை உள்ளவர்கள் மருந்துக்கடையில் வாங்கிப் போடும் காலுறை மாதிரி. விமானிகளுக்கான அழுத்த உடைகளோடு தொடர்புபடுத்தி நாசாவும் இந்தக் கால்களை ஆராய்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிபி மாத்திரை இல்லாத வீடு இன்று அபூர்வம். இவ்வளவு அழுத்தத்தில் வாழ்ந்தும் அதன் இதயமோ சிறுநீரகமோ நமக்குப் போல் கெடுவதில்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒட்டகச்சிவிங்கியிடம் மாறியிருக்கும் எஃப்ஜிஎஃப்ஆர்எல்1 என்ற மரபணுவின் வடிவத்தை எலிகளில் புகுத்தி, மருந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் உறுப்புகளுக்குச் சேதம் குறைவாகவே இருந்தது. மனிதருக்கு மருந்தாக வர இன்னும் வெகுதூரம், ஆனால் இந்த வழியில் தேடுவது வீண் இல்லை என்று நம்புகிறேன்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் காட்டில் அது அடிக்கடி குனிவதில்லை. காரணம் ரத்தம் அல்ல, சிங்கம். கால் அகட்டி நிற்கும் நேரத்தில் சட்டென ஓட முடியாது. வேண்டிய நீரில் பெரும்பகுதியை அகேசியா போன்ற மரங்களின் இலைகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள நாக்கு முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் உருவிவிடும்.

நீங்களும் பெங்களூர் என்றால் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவிலேயே பார்க்கலாம், மைசூரு மிருகக்காட்சிசாலைக்குப் போனால் இன்னும் நல்லது. தீவனத்தை உயரத்தில் கட்டியிருப்பார்கள், அதனால் குனிவதைப் பார்க்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கீழே விழுந்த இலையை எடுக்கக் குனியும். அப்போது முன்னங்கால்கள் எப்படி விலகுகின்றன என்று கவனியுங்கள்.