பட்டறையில் பழகிய கை அங்கே செல்லுமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருடமாக சிஎன்சி டர்னிங், அதாவது கம்ப்யூட்டர் மெஷினில் கடைசல் வேலை, பார்க்கிறீர்கள். ஜெர்மனியில் வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் உங்கள் ஐடிஐ சான்றிதழை அவர்கள் ஊர்ப் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பகுதி அங்கீகாரம்தான் கொடுத்திருக்கிறார்கள். மீதியை அங்கே வேலை செய்துகொண்டே கற்று நிரப்ப வேண்டும். "முப்பது வயசுல மறுபடி ஹெல்பராண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை தம்பி. நானும் அதே எஸ்டேட்டில் டர்னராக இருந்து போனவன்தான். பத்து வருடம் ஆகிறது. இப்போது விடுமுறையில் வந்து, கொரட்டூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கும் பகுதி அங்கீகாரம்தான் வந்தது. அந்தக் கடிதத்தைப் பார்த்து எனக்கும் இப்படித்தான் மனசு விட்டுப்போனது.

கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கு வேலை தெரியாது என்று அதில் எங்கேயும் இருக்காது. அங்கே இந்தத் தொழிலுக்குப் பயிற்சி மூன்றரை வருடம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாளெல்லாம் கம்பெனியில் மெஷின் முன்னால். அந்தப் பாடத்திட்டத்தில் நம்மிடம் இல்லாததை மட்டும் எழுதியிருப்பார்கள். எனக்கு மில்லிங், அதாவது சுழலும் கட்டரால் இரும்பைச் சீவும் வேலை, அந்தப் பக்கம் குறைந்தது. தெரிந்தது தெரிந்ததுதான். 25 மி.மீ. துளைக்கு ஹெச் 7 என்ற துல்லிய வரம்பு டிராயிங்கில் போட்டிருந்தால், இங்கேயும் அங்கேயும் பூஜ்யத்திலிருந்து 21 மைக்ரான் வரை கூடலாம் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதில் மாற்றமே கிடையாது.

நான் கஷ்டப்பட்டது வேறு இடத்தில். நாம் தொழில் கற்ற விதம் உங்களுக்குத் தெரியும். "கண் பார்த்தா கை செய்யணும்" என்பார்கள். சீனியர் செட்டிங் செய்யும்போது பின்னால் நின்று பார்க்க வேண்டியதுதான். கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள். நான் பார்த்த ஒரு செட்டர், ஆஃப்செட், அதாவது டூலுக்கான திருத்த அளவு, போடும்போது மெஷின் திரையை உடம்பால் மறைத்துக்கொள்வார். அதனால் கேட்காமலே கற்கப் பழகினோம். தெரியாததை வெளியே காட்டாமல் இருக்கவும் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை மட்டும் விமானத்தில் ஏற்றாதீர்கள்.

போன இரண்டாவது மாதம். 100 மி.மீ. விட்டத்தில் எஃகு ஸ்லீவ் (குழாய் மாதிரி பாகம்), பன்னிரண்டு பீஸ். கடைந்தவுடன் மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்த்தேன், எல்லாம் அளவில் இருந்தது. மறுநாள் அளவு அறையிலிருந்து பன்னிரண்டும் திரும்பி வந்தன. விட்டம் சுமார் 20 மைக்ரான் கம்மி. என் பக்கத்து மெஷின்காரர், அறுபதை நெருங்கியவர், திட்டவில்லை. புதிதாக ஒரு பீஸைக் கடையச் சொன்னார். சூடாக எடுத்து சர்ஃபேஸ் பிளேட்டில், அதாவது அளப்பதற்கான சமதளப் பலகையில், வைத்தோம், மைக்ரோமீட்டரையும் பக்கத்திலேயே வைத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நானே அளந்து ஒரு தாளில் எழுதினேன். அளவு என் கண் முன்னால் இறங்கிக்கொண்டே வந்தது. 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 11 மைக்ரான் விரியும். டிராயிங்கில் இருக்கும் அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கானது. இது உலகம் முழுக்க உள்ள விதி, நம் ஊருக்கும் சேர்த்துத்தான். எஸ்டேட்டில் நான் கடைந்ததெல்லாம் சின்ன புஷ்கள், அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கமும் (டாலரன்ஸ்) தாராளம். அதனால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

இதில் என்னை உறுத்தியது ஒன்று உண்டு. அவர் பீஸை பிளேட்டில் வைத்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்ப்பதை நான் முன்பே பலமுறை பார்த்திருக்கிறேன். கண் பார்த்தது, ஆனால் ஏன் என்று வாய் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டு பீஸும் பிழைத்திருக்கும்.

அன்றிலிருந்து "புரிந்ததா" என்று யார் கேட்டாலும் தலையாட்டுவதை விட்டேன். "டார்ஃப் இஷ் எஸ் செல்ப்ஸ்ட் மாகன்?" இதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நானே செய்து பார்க்கலாமா என்று அர்த்தம். அவர் பார்க்க நீங்கள் செய்ய வேண்டும். அப்புறம் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று உடைந்த ஜெர்மனிலாவது திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மொழியே வந்தது. வகுப்பில் வெர்னியர் அளவுகோலுக்கு "மெஸ்ஷீபர்" என்று சொல்லித்தருவார்கள். ஷாப்பில் நான் கேட்டதெல்லாம் "ஷீப்லேரெ"தான். இது மெஷின் பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

அங்கே பயிற்சி மாணவர்கள் என்ன கற்றோம் என்று தொடர்ந்து ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு விடமாட்டார்கள். உங்களை யாரும் எழுதச் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். கடிதத்தில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வர எனக்கு அந்த நோட்டுதான் உதவியது.

பக்கத்தில் இருபது வயதுப் பையன் நின்று சொல்லிக்கொடுப்பான். சங்கடப்படாதீர்கள். அங்கே மைஸ்டர் என்பது வயதால் வருவதல்ல, தேர்வு எழுதி வாங்கும் பட்டம். நம் மேஸ்திரிக்கும் அவர்கள் மைஸ்டருக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான், நம்முடையது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. எனக்கு அது தெரிந்தபோது ஏனோ மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றீர்கள். சிஎன்சியை விட்டுவிட்டு, தெரிந்த ஜாப் வொர்க் கடையில் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிங் மெஷினில் நில்லுங்கள். அரம் பிடித்து ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்கிப் பாருங்கள். அங்கே பலர் தொடங்குவதே அரத்தில்தான். நான் இன்னும் பத்து நாள் இங்கே இருப்பேன். ஒரு சாயங்காலம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் வாருங்கள், வரிவரியாகச் சேர்ந்து பார்க்கலாம்.