தலையணைக்குக் கீழே இருந்த கொப்பி

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் லண்டன் குரோய்டனில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. ஒரு வருடமாக அவன் காதில் எந்நேரமும் டிரில் என்ற ராப் பாட்டுத்தான். போன வாரம் கட்டில் விரிப்பை மாற்றும்போது தலையணைக்குக் கீழே ஒரு கொப்பி கிடந்தது. முழுக்க அவனே எழுதிய பாட்டு. கத்தி, இரத்தம், 'எங்கள் தெருவுக்குள் வந்து பார்' என்று பக்கம் பக்கமாக. 1995இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இரவோடு இரவாக நடந்தபோது எனக்கு 12 வயது. அதிலிருந்து தப்பி வந்தது இதை வாசிக்கவா என்று கை நடுங்கியது. இவர் கொப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டார். "நடக்கிறதைத்தானே எழுதுறன், உங்களுக்கு விளங்காது" என்று சொன்னவன், பிறகு எங்களோடு கதைப்பதே இல்லை. இந்தப் பாட்டுகள் வன்முறையைக் கொண்டாடுகின்றனவா, இல்லை தெருவில் நடப்பதைத்தான் சொல்கின்றனவா? என் பிள்ளை கெட்டுப்போகிறானா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

கத்தி என்பது உங்களுக்கு வெறும் சொல்லாக இருக்க முடியாது. நீங்கள் நடுங்கியது நியாயம்தான்.

டிரில், சிகாகோவின் தெற்குப் பகுதியில் தொடங்கி, சில வருடங்களில் பிரிக்ஸ்டன் பக்கம் வந்து லண்டனில் ஊன்றிய இசை. நண்பர்களைத் துப்பாக்கிக்கும் கத்திக்கும் பறிகொடுத்த இளைஞர்கள் பாடியது. ஆகவே மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'நான்' என்று பாடுகிறவர் பல நேரம் தன்னைவிடப் பெரிய முரடனாக வேஷம் கட்டுகிறார். எதிர்க்குழுவில் செத்துப்போன பையனைச் சொல்லிச் சிரிக்கும் பாட்டுகளும் உண்டு. அவற்றை 'நடப்பதைச் சொல்கிறோம்' என்று என்னால் ஏற்க முடியாது. அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கிறார்.

மகன் எழுதியதில் உண்மையான ஆளின் பெயரோ பழிவாங்கும் திட்டமோ இருந்ததா? இல்லையென்றால், அவன் எழுதியது அவனுடைய சொந்தப் பயமாக இருக்கலாம். அந்த வயதுப் பையன்கள் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதமாட்டார்கள். 'என்னைத் தொட்டுப் பார்' என்றுதான் எழுதுவார்கள். பள்ளி விட்டதும் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறப் பயப்படும் பிள்ளைகளோடு நான் கதைத்திருக்கிறேன்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத காசு, இரண்டாவது போன், காரணம் சொல்லாத காயம், பள்ளிக்குப் போகாத நாள், குசினியில் காணாமல் போகும் கத்தி. இவற்றில் ஒன்று இருந்தால்கூடப் பாட்டை விட்டுவிட்டு, பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே போங்கள்.

இன்னொன்று. 2018இல் லண்டன் பொலிஸ் கேட்டு யூடியூபிலிருந்து சுமார் 30 டிரில் வீடியோக்கள் நீக்கப்பட்டன. 2019இல் ஸ்கெங்டோ, ஏ.எம். என்ற இரண்டு டிரில் பாடகர்களுக்கு, நீதிமன்றத் தடையை மீறி ஒரு பாட்டை மேடையில் பாடியதற்காக ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. பாட்டு வரிகளை வழக்கில் சாட்சியமாகவும் இங்கே காட்டுகிறார்கள். அது பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது, எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. கலிபோர்னியா 2022இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. கொப்பியில் எழுதுவது வேறு, கூட்டாளிகளோடு முகத்தை மூடிக்கொண்டு வீடியோ போடுவது வேறு என்பதை மகனுக்கு மிரட்டாமல் சொல்லுங்கள்.

சரி, கொப்பிக்கு வருவோம். அதைக் கிழித்தது பிழை. அதை அப்பாதான் அவனிடம் சொல்ல வேண்டும், புதுக் கொப்பியும் அவரே வாங்கிக் கொடுக்கட்டும். அப்புறம் ஒருநாள், அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடச் சொல்லி நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். விளங்காத சொல்லை அவனிடமே கேளுங்கள், இடையில் புத்தி சொல்லாதீர்கள். முடிந்ததும், 12 வயதில் நீங்கள் நடந்த அந்த இரவைச் சொல்லுங்கள். அன்றைக்கு எவ்வளவு பயந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.