வகுப்பில் ஆன்மிகத் தருணம் எதுவும் நடப்பதில்லையா?

வாராவாரம் ஓர் ஆன்மிகத் தருணத்தைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள், என் இரண்டாம் வகுப்பில் பிரார்த்தனை நேரத்தைத் தவிர எதுவும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பிரார்த்தனையில் மட்டும் தேடுவதுதான் சிக்கல். பிரிட்டனில் டேவிட் ஹே, ரெபெக்கா நை இருவரும் பிள்ளைகளின் ஆன்மிகத்தை ஆராய்ந்து மூன்று இடங்களைக் காட்டினார்கள்: ஒரு கணத்தில் அப்படியே ஒன்றிப்போவது, புரியாததைக் கண்டு வியப்பது, எது நல்லது, எது பெரிது என்று மனம் அசைவது.

அதாவது, மணி அடித்தும் எறும்பு வரிசையை விட்டு நகராத பையன், "நான் பிறக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்?" என்று கணக்குப் பாடத்தின் நடுவில் கேட்கிற பெண், செத்த பட்டாம்பூச்சியை யாரும் மிதிக்காதபடி இலைமேல் எடுத்து வைக்கிற கை, எல்லாமே இதில் சேரும்.

பதிவுக்கு ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, என்ன நடந்தது, பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே, அவ்வளவுதான். உங்கள் விளக்கத்தைக் கலக்காதீர்கள். உடனே போனை நீட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம், நானே அப்படி ஒருமுறை கெடுத்திருக்கிறேன், குழந்தை சட்டென்று 'போஸ்' கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் இதற்கு மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் போடாதீர்கள், போட்டால் அடுத்த வாரமே எல்லோரும் எறும்பு பார்ப்பார்கள். தனியாக உங்கள் காதில் சொன்னதைச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.