வெளியே போக மறுக்கும் குதிரைக்குக் கடுமையான கடிவாளம் போடலாமா?

கேள்வி: ஆறு வயதுப் பெண் குதிரை ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. லாயத்தை ஒட்டிய திடலில் சொன்னபடி கேட்கிறது. வெளியே ஏறிப் போனால் அரை கிலோமீட்டர்கூடத் தாண்டாது. நின்றுவிடும். தட்டினால் சுழன்று திரும்பி வீட்டுக்கு ஓடும். போன வாரம் என்னைக் கீழே தள்ளிவிட்டது. விற்ற தரகர் கடுமையான கடிவாளம் போட்டால் சரியாகும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஓடுகிற குதிரையை நிறுத்தத்தான் கடிவாளம். உங்கள் குதிரை நின்றுவிடுகிறது என்பதுதானே சிக்கல்? முன்னே போனால் வாய் வலிக்கும், நின்றால் அடி விழும் என்றால் அதற்கு மிஞ்சியிருப்பது மேலே எழும்புவது மட்டும்தான். அப்படி எழும்பி மல்லாந்தால் அடியில் சிக்குவது நீங்கள், தரகர் அல்ல. வாங்கும்போதே அவரை வெளியே தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். மயக்க ஊசி போட்டுச் சாதுவாகக் காட்டி விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். சரி, அது முடிந்த கதை.

அதற்கு எங்காவது வலிக்கிறதா என்று நீங்கள் கேட்கவே இல்லை. வியர்க்க ஓட்டியபின் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள். ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்படுங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்தி வாருங்கள். முதுகை நெளித்தாலோ காதை மடக்கினாலோ கால்நடை மருத்துவரை அழையுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் ஓட்ட வேண்டாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். கிளம்புமுன் கொஞ்சம் புல் மெல்லட்டும்.

வலி இல்லையென்றால் விஷயம் கயிற்றில் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி என் பக்கத்தில் இருப்பவர்களுக்கே அலுத்துவிட்டது. கயிறு இறுகும்போது குதிரை எதையும் கற்பதில்லை, தளரும்போதுதான் கற்கிறது. எந்த நொடியில் தளர்கிறதோ, அந்த நொடியில் செய்த காரியத்துக்குக் கூலி கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளும். உங்கள் குதிரை சுழன்றதும் லகான் தளர்ந்தது, வீடு வந்தது, சேணம் கழன்றது, தீனியும் விழுந்திருக்கும். நான்கு கூலி! மூன்று மாதமாக அதற்குச் சுழலக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான்.

இரண்டு வாரம் ஏறவே வேண்டாம். தலைக்கயிறும் (வாயில் இரும்பு இல்லாமல் தலையில் மட்டும் மாட்டுவது) அதில் கட்ட நாலு மீட்டர் கயிறும் போதும். கயிற்றைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடியுங்கள். தோளோரமாக நில்லுங்கள். கிட்டத்தட்ட 350 டிகிரிக்குப் பார்க்கும் கண் அதற்கு, ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்குப் பின்னும் தெரியாது. பின்னால் நகரச் சொல்லிக் கயிற்றால் மெதுவாகப் பின்னோக்கி அழுத்துங்கள். உடல் எடை பின்னுக்குச் சாய்ந்தாலே, கால் எடுக்கும் முன்பே, விட்டுவிடுங்கள். ஓர் அடி வைத்ததும் ‘இன்னும் ஒன்று’ என்று இழுக்கிற பேராசையால் நான் ஒரு நல்ல குதிரையைக் கயிற்றைக் கண்டாலே முறைக்க வைத்திருக்கிறேன்.

அப்புறம் கயிற்றோடு வெளியே நடத்திக் கூட்டிப் போங்கள். வழக்கமாக நிற்கும் இடம் வருமுன்பே அதன் காது விறைக்கும், தலை உயரும். அங்கேயே நிறுத்துங்கள். தலை தாழ்ந்து மூச்சு தளரும்வரை காத்திருந்து, நீங்களே திருப்புங்கள். திரும்பும் முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். மறுநாள் பத்தடி கூடுதல். துணைக்கு இன்னொரு குதிரை வந்தால் எளிதுதான். ஆனால் அதை மட்டுமே நம்பப் பழகிவிடும், அதனால் நான் தாமதமாகத்தான் சேர்ப்பேன்.

மறுபடி ஏறும்போது, பழகிய தொலைவு வரை ஓட்டிப் போய் அங்கே இறங்குங்கள். சேண வாரைத் தளர்த்தி மேய விட்டு, நடந்தே திரும்புங்கள். வீடு வந்ததும் தீனி வேண்டாம். பத்து நிமிடம் திடலில் கயிற்றோடு வேலை வாங்குங்கள். ஓய்வு வெளியே, வேலை வீட்டில் என்று கணக்கு மாறட்டும்.

விழுந்தபோது தலைக்கவசம் போட்டிருந்தீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்து அது அடி வாங்கியிருந்தால், கீறல் தெரியாவிட்டாலும் புதிதாக மாற்றிவிடுங்கள்.